தந்தி தந்த மோர்ஸ்

இன்று ஒரு நாட்டில் நிகழ்வது மறுநொடியிலேயே மற்றொரு நாட்டில் தெரிகின்றது. கடலுக்கு அப்பால் வாழ்வோருடன் அண்டை வீட்டாருடன் பேசுவதுபோல் பேசுகின்றோம். எழுத்தும் குரலும் படமும் கண்ணாடி இழைகளின் வழியே ஒளியாக விரைகின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரோ நிலை வேறு. செய்தியின் விரைவு அதனைச் சுமந்து செல்லும் குதிரையின் விரைவாகவும் கப்பலின் விரைவாகவுமே இருந்தது. உயரமான இடங்களில் கைமரங்களை நாட்டி, அவற்றின் அசைவால் செய்தி அறிவிக்கும் முறை ஒன்று பிரான்சு நாட்டில் 1794 ஆம் ஆண்டு முதல் வழங்கியது. அதுவும் இருளிலும் மூடுபனியிலும் பயன்படாது போயிற்று.

இந்நிலையை மாற்றிய பெரியோருள் சாமுவேல் மோர்ஸ் என்பவர் குறிப்பிடத் தக்கவர். அவர் மின்சாரத்தைக் கண்டறிந்தவர் அல்லர். மின்காந்தத்தை முதன்முதல் ஆக்கியவரும் அல்லர். மின்சாரத்தால் செய்தி அனுப்பக்கூடும் என்று முதலில் எண்ணியவரும் அல்லர். தொழிலால் அவர் ஓர் ஓவியர். எனினும் உலகத்தார் நெடுங்காலம் கைக்கொண்ட தந்தி முறை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. அதற்குக் காரணம் யாது?

செய்தி விரைந்து செல்ல வேண்டும் என்று எண்ணுவோர் கருவியின்மேல் கருவியைச் சேர்ப்பர். கருவிகள் பெருகப் பெருகச் சிக்கலும் பெருகும், செலவு மிகும், பழுது நேரும். கருவியை எளிதாக்கினாலோ அதனைக் கையாளும் மனிதனுக்குச் சுமை கூடும். எங்கே எளிமை வேண்டும், எங்கே சிக்கலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று சீர்தூக்கிப் பார்ப்பதே தொடர்பு வலை அமைப்போர் கற்கவேண்டிய கலை. அக்கலையைப் பல தவறுகள் செய்து, அவற்றைத் திருத்தித் திருத்திக் கற்றவர் மோர்ஸ்.

இளமையும் ஓவியமும்

வட அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சார்ந்த சார்லஸ்டவுன் என்னும் ஊரில் 1791 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 ஆம் நாள் மோர்ஸ் பிறந்தார். அவர் தந்தையார் ஜெடிடையா மோர்ஸ் ஒரு சமய போதகர். நிலநூல் எழுதிப் புகழ் பெற்றவர். மைந்தர் யேல் கல்லூரியிற் பயின்று 1810 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அங்கே ஆசிரியர்கள் மின்சாரத்தைப் பற்றி நிகழ்த்திய விரிவுரைகளை அவர் ஆர்வத்துடன் கேட்டார். ஆயினும் அவர் உள்ளம் ஓவியத்திலேயே தோய்ந்திருந்தது. யானைத் தந்தத் தகடுகளின்மேல் சிறிய உருவப்படங்களைத் தீட்டி விற்று, அப்பொருளைத் தம் கல்விச் செலவுக்கு உதவியாகக் கொண்டார்.

1811 ஆம் ஆண்டு மோர்ஸ் இங்கிலாந்து சென்று இலண்டன் மாநகரில் ஓவியக் கலையை முறையாகக் கற்றார். அங்கு அவர் வடித்த ஹெர்க்குலிஸ் சிலைக்கு 1813 ஆம் ஆண்டு தங்கப் பதக்கம் கிடைத்தது. பின்னர்த் தாய்நாடு திரும்பி, ஊர் ஊராகச் சென்று செல்வர்களின் உருவப்படங்களைத் தீட்டிப் பொருளீட்டினார். 1818 ஆம் ஆண்டு லுக்ரீஷியா என்னும் நங்கையை மணந்தார்.

காலம் கடந்து வந்த கடிதம்

1825 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மோர்ஸுக்குப் பெரியதொரு வாய்ப்புக் கிட்டியது. அமெரிக்க விடுதலைப் போரில் துணைநின்ற பிரெஞ்சு வீரர் லபாயட்டின் உருவத்தைத் தீட்டித் தருமாறு நியூயார்க் நகரத்தார் அவரைப் பணித்தனர். அதன்பொருட்டு அவர் வாஷிங்டன் நகருக்குச் சென்றார். மனைவியார் நியூஹேவன் என்னும் ஊரில் மூன்றாம் மகப்பேற்றுக்குப் பின்னர் இளைப்பாறியிருந்தார். பிப்ரவரி 7 ஆம் நாள் அவ்வம்மையார் திடீரென இறந்துபோனார். அப்போது அவருக்கு அகவை 25.

தந்தையார் எழுதிய கடிதம் சில நாட்கள் கழித்தே மகனை அடைந்தது. மோர்ஸ் இரவுபகலாகப் பயணம் செய்து வீட்டை அடைந்தபொழுது அடக்கமும் முடிந்துவிட்டது. மனைவியின் முகத்தை இறுதியாக ஒருமுறை காணும் பேறும் அவருக்கு வாய்க்கவில்லை. இத்துயரே அவரைத் தந்தி காணத் தூண்டிற்று என்று துணிந்து கூறுதல் பொருந்தாது. தந்தியைப் பற்றிய எண்ணம் அவருக்குத் தோன்ற இன்னும் ஏழாண்டுகள் இருந்தன. ஆயினும் செய்தி தாழ்த்து வருவதன் கொடுமையை அவரினும் நன்கறிந்தார் சிலரே எனலாம்.

துயரிலிருந்து தேறிய மோர்ஸ் கலைத் தொண்டில் மீண்டும் ஈடுபட்டார். 1826 ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஓவியர்கள் தேசிய வரைகலைக் கழகத்தை நிறுவியபொழுது அவரே அதன் முதல் தலைவரானார்.

கப்பலில் பிறந்த எண்ணம்

ஐரோப்பிய நாடுகளில் மூன்றாண்டுகள் தங்கி ஓவியம் பயின்றபின், 1832 ஆம் ஆண்டு அக்டோபரில் சல்லி என்னும் கப்பலில் மோர்ஸ் தாய்நாடு நோக்கிப் புறப்பட்டார. ஒருநாள் உணவு மேசையில் மின்காந்தத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. உடன் பயணம் செய்த ஜாக்சன் என்னும் மருத்துவர், கம்பி எவ்வளவு நீளமாயினும் மின்சாரம் அதன்வழி நொடிப்பொழுதில் ஓடிவிடும் என்று விளக்கினார். அங்ஙனமாயின் அந்த மின்சாரத்தின் வரவைக் கம்பியின் மறுமுனையில் கண்ணாற் காணச் செய்தால் செய்தியையும் அனுப்பலாமே என்று மோர்ஸ் எண்ணினார். அவ்வெண்ணம் அவரை உறங்கவொட்டாது செய்தது. கரை சேருமுன்னரே தம் குறிப்பேட்டில் கருவியின் படங்களையும் குறிகளையும் வரைந்து வைத்துவிட்டார்.

இம்முயற்சியில் பிறர் தமக்கு முன்னரே இறங்கியிருந்தனர் என்பதை அவர் அப்பொழுது அறியார். 1774 ஆம் ஆண்டு ஜெனீவா நகரத்து அறிஞர் லசாஜ் என்பவர் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வொரு கம்பியாக அமைத்துச் செய்தி அனுப்பிக் காட்டினார். இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் என்னும் இருவரும் 1837 ஆம் ஆண்டு ஐந்து காந்த ஊசிகள் கொண்ட கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். அக்கருவியில் இரண்டு ஊசிகள் சாய்ந்து ஓர் எழுத்தைச் சுட்டிக் காட்டும். எழுத்தறிந்த எவரும் பயிற்சியின்றியே அதனைப் படிக்கலாம். அதன் சிறப்பு அதுவே.

அதன் குறையும் அச்சிறப்பிலேயே அடங்கியிருந்தது. ஊசிகள் பலவாயின் கம்பிகளும் பலவாக வேண்டும். அறைக்குள் பல கம்பிகள் இருப்பது பெருந்தொல்லையன்று. ஊர்விட்டு ஊர் செல்லும் வழியிலோ ஒவ்வொரு கம்பியும் மைல்தோறும் செலவு வைக்கும்; மைல்தோறும் பழுதுக்கு இடம் கொடுக்கும். இதனை உணர்ந்த ஆங்கிலேயரும் பின்னாளில் ஊசிகளை இரண்டாகவும் ஒன்றாகவும் குறைத்துக்கொண்டனர்.

மோர்ஸோ தொடக்கத்திலேயே ஒற்றைச் சுற்று ஒன்றையே மனத்திற் கொண்டார். கம்பியில் மின்சாரம் ஓடும் அல்லது ஓடாது. ஓடுவது சிறிது நேரமாயின் ஒரு குறி. நெடுநேரமாயின் மற்றொரு குறி. இதற்குமேல் கம்பிக்கு வேறு வேலை இல்லை. நெடுவழியை எளிதாக்கி, அறிவுக்குரிய வேலையை இரு முனைகளிலும் வைத்தார்.

தொலைவை வென்ற துணைவர்கள்

மோர்ஸ் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் ஓவியப் பேராசிரியரானார். தம் அறையிலேயே முதற்கருவியை அமைத்தார். ஓவியத் துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டமே அதற்கு உடல்; பழைய கடிகாரத்தின் சக்கரங்களே அதற்கு உறுப்பு. மின்காந்தம் இழுக்குந்தோறும் ஓர் எழுதுகோல் அசைந்து, நகரும் காகித நாடாவில் கோணற் கோடுகளை வரைந்தது. அக்கருவி இன்றும் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் காக்கப்பட்டு வருகின்றது.

ஆனால், கம்பி சிறிது நீண்டாலும் மின்சாரம் வலுவிழந்தது, எழுதுகோல் அசையவில்லை. மோர்ஸ் திகைத்து நின்றார். அப்பொழுது அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்த லியோனார்டு கேல் உதவிக்கு வந்தார். ஜோசப் ஹென்றி என்னும் பேரறிஞர் 1831 ஆம் ஆண்டிலேயே ஒரு மைல் நீளக் கம்பியின் வழியே மின்சாரம் செலுத்தி மணியடிக்கச் செய்திருந்தார். அவர் ஆராய்ச்சியைக் கற்றறிந்த கேல், ஒரு மின்கலத்துக்கு மாறாகப் பல மின்கலங்களை அடுக்கவும், காந்தத்தின்மேல் கம்பியைப் பன்முறை சுற்றவும் கூறினார். அவ்வாறே செய்ய, கருவி 10 மைல் நீளக் கம்பியிலும் இயங்கிற்று.

10 மைலுக்கு அப்பால் என் செய்வது? நெடுவழி செல்லும் தூதர் களைத்த குதிரையை விட்டுப் புதுக்குதிரை ஏறுவதுபோல, களைத்த மின்சாரம் ஒரு சிறிய காந்தத்தை மட்டும் அசைக்க, அக்காந்தம் புதிய மின்கலத்தின் சுற்றை மூடித் திறக்குமாறு செய்தால் போதும் என்று மோர்ஸ் கண்டார். இந்த அஞ்சல் கருவியை வழியிடையே ஆங்காங்கு வைத்துவிட்டால் கம்பி எத்தனை மைல் நீண்டாலும் செய்தி தளராது செல்லும். கம்பி முழுவதையும் பருமனாக்குவதினும், வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சிறு கருவியை வைப்பது எளிது, செலவும் குறைவு.

1837 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மோர்ஸ் தம் கருவியைப் பல்கலைக்கழகத்தில் இயக்கிக் காட்டினார். அதனைக் கண்டு வியந்தவருள் ஆல்பிரட் வேல் என்னும் இளைஞரும் ஒருவர். அவர் குடும்பத்தார் நியூஜெர்சி மாநிலத்தில் இரும்புப் பட்டறை நடத்தி வந்தனர். பொருளும் பட்டறையும் கைத்திறனும் தந்து உதவ வேல் முன்வந்தார். ஓவியர் மரச்சட்டத்தில் அமைத்த கருவியை அவர் இரும்பிலும் பித்தளையிலும் செப்பமுறச் செய்தளித்தார்.

அகராதியைக் கைவிட்டது

செய்தியை எக்குறியால் அனுப்புவது என்பதில் மோர்ஸ் முதலில் ஒரு தவறான வழியை மேற்கொண்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்துப் பேரகராதி ஒன்றைத் தொகுத்தார். அனுப்புவோர் சொல்லைத் தேடி அதன் எண்ணை அனுப்ப வேண்டும்; பெறுவோர் எண்ணைத் தேடிச் சொல்லை அறிய வேண்டும். நீண்ட சொல்லும் சில எண்களில் அடங்கிவிடுவதால் இதுவே விரைவான முறை என்று அவர் நம்பினார். அவ்வெண்களை அனுப்புவதற்கெனப் பற்கள் வெட்டிய அச்சுக்களைச் சட்டத்தில் கோத்துச் சுழற்றும் பொறி ஒன்றையும் அமைத்தார். அகராதி தொகுப்பதில் பல நாட்கள் உழைத்தார்.

செயலிற் புகுந்தபொழுது உண்மை புலப்பட்டது. கம்பியில் மிச்சமான நொடிகள் அகராதியைப் புரட்டுவதில் நிமிடங்களாகக் கழிந்தன. அகராதியில் இல்லாத பெயர் வந்தால் வேலை தடைப்பட்டது. ஓர் எண் தவறினால் சொல்லே மாறிற்று. தாம் அரும்பாடுபட்டுத் தொகுத்ததைக் கைவிடுதல் எவர்க்கும் எளிதன்று. மோர்ஸ் அதனைச் செய்தார். 1838 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் எண்முறை நீங்கி, ஒவ்வோர் எழுத்தையும் புள்ளியாலும் கோட்டாலும் குறிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. பற்கள் வெட்டிய அச்சுக்களும் காலப்போக்கில் மறைந்தன; விரலால் தட்டும் சிறு விசை ஒன்றே போதுமானதாயிற்று.

எந்த எழுத்துக்கு எந்தக் குறி என்பதை வரையறுத்த முறை வியக்கத் தக்கது. ஆங்கிலத்தில் எவ்வெழுத்து மிகுதியாக வழங்குகின்றது என்பதை அறிய அச்சகத்தாரின் அச்செழுத்துக் கணக்கு உதவிற்று. 'ஈ' என்னும் எழுத்துக்கு 12,000 அச்சுக்கள் வேண்டுமிடத்தில் 'டி'க்கு 9,000 அச்சுக்களும், 'இசட்'டுக்கு 200 அச்சுக்களுமே வேண்டியிருந்தன. ஆகவே 'ஈ'க்கு ஒரே புள்ளியும் 'டி'க்கு ஒரே கோடும் அமைந்தன. அருகி வரும் எழுத்துக்களுக்கு நான்கு குறிகள் அமைந்தன. நாள்தோறும் புழங்கும் பாத்திரத்தைக் கைக்கெட்டும் இடத்திலும், திருவிழாவுக்கு எடுக்கும் அண்டாவைப் பரண்மேலும் வைக்கும் இல்லாளின் அறிவு இதுவே. கம்பியும் கூடவில்லை, கருவியும் கூடவில்லை, குறிகளின் ஒழுங்கு ஒன்றாலேயே விரைவு கூடிற்று.

வறுமையும் விடாமுயற்சியும்

1838 ஆம் ஆண்டு பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் முன்னிலையில் மோர்ஸ் தம் கருவியை இயக்கிக் காட்டினார். கண்டோர் வியந்தனர், ஆனால், பொருளுதவி கிடைக்கவில்லை. இங்கிலாந்து சென்றார், காப்புரிமை மறுக்கப்பட்டது. பிரான்சு சென்றார், காப்புரிமை கிடைத்தும் பயன் விளையவில்லை. 1840 ஆம் ஆண்டு தாய்நாட்டில் காப்புரிமை பெற்றார். அது கையிலிருந்தும் வறுமை நீங்கவில்லை. ஓவியம் கற்கும் மாணவர் தரும் சிறு ஊதியத்தை எதிர்நோக்கிப் பசியோடிருந்த நாட்களும் உண்டு.

1842 ஆம் ஆண்டு டிசம்பரில் வாஷிங்டன் நகரத்து நாட்டுமன்றக் கட்டடத்தில் இரண்டு அறைகளுக்கிடையே கம்பி கட்டி உறுப்பினர்களுக்குக் காட்டினார். சோதனை வழி ஒன்று அமைக்க 30,000 டாலர் வழங்கும் தீர்மானம் மன்றத்தில் வந்தபொழுது சிலர் எள்ளி நகையாடினர். அத்தொகையிற் பாதியை மனவசிய ஆராய்ச்சிக்கு ஒதுக்கலாமே என்று ஓர் உறுப்பினர் ஏளனமாகத் திருத்தம் கொண்டுவந்தார். 1843 ஆம் ஆண்டு பிப்ரவரி 23 ஆம் நாள் 89 வாக்குகள் சார்பாகவும் 83 வாக்குகள் எதிராகவும் விழ, ஆறே வாக்குகளின் மிகுதியால் கீழவையில் தீர்மானம் நிறைவேறிற்று. மார்ச்சு 3 ஆம் நாள், அக்கூட்டத் தொடரின் கடைசி இரவில், மேலவையும் அதனை ஏற்றது.

மண்ணுக்குள் புதைந்த பணம்

வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே ஏறத்தாழ 40 மைல் தொலைவுக்கு இருப்புப்பாதையின் ஓரமாகக் கம்பி அமைக்கத் திட்டமிட்டனர். கம்பிகளை ஈயக் குழாய்க்குள் செலுத்தி மண்ணுள் புதைத்தால் காற்றாலும் மழையாலும் தீயோராலும் கேடு வாராது என்று மோர்ஸ் கருதினார். எஸ்ரா கார்னெல் என்பவர், நிலத்தைப் பிளந்து குழாயைப் பதித்து உடனே மூடிச் செல்லும் கலப்பை ஒன்றை ஆக்கினார். வேலை விரைந்து நடந்தது.

சில மைல்கள் புதைத்தபின் சோதித்துப் பார்த்தனர். மின்சாரம் மறுமுனையை அடையவில்லை. குழாய் செய்தபொழுது ஈயத்தின் வெம்மையால் கம்பியின் மேலுறை கெட்டு, மின்சாரம் கசிந்தது. எங்கே கசிகின்றது என்று மண்ணைத் தோண்டாமல் அறிய வழியில்லை. அரசு தந்த தொகையிற் பெரும்பகுதி மண்ணுள் புதைந்துவிட்டது. தோல்வி வெளியே தெரிந்தால் முயற்சி அடியோடு அழியும். வேலையை நிறுத்தத் தக்க காரணம் வேண்டுமென்று மோர்ஸ் மறைவாகக் கூற, கார்னெல் தம் கலப்பையைப் பாறையில் மோதி உடைத்தார். பழுது கலப்பைக்கே நேர்ந்தது என்று செய்தித்தாள்கள் எழுதின.

அக்குளிர்காலத்தில் அனைவரும் கூடி ஆராய்ந்தனர். பாதுகாப்பென்று எண்ணிச் சேர்த்த குழாயே பழுதுக்கு இடமாயிற்று என்பது தெளிவாயிற்று. 1844 ஆம் ஆண்டு இளவேனிற்காலத்தில் மரக்கம்பங்களை வரிசையாக நட்டு, கண்ணாடியைத் தாங்கலாக வைத்து, கம்பியை வெட்டவெளியில் இழுத்துக் கட்டினர். காற்றே மின்சாரத்தைக் கசியவொட்டாத உறையாயிற்று. கம்பி அறுந்தாலும் நடந்து செல்லும் காவலாளி கண்ணாற் கண்டு முடிச்சிடலாம். மறைத்துக் காத்த வழி தோற்றது. திறந்து வைத்த வழி வென்றது.

வெற்றி

அவ்வாண்டு மே 1 ஆம் நாள் பால்டிமோரில் விக் கட்சியின் மாநாடு கூடிற்று. குடியரசுத் தலைவர் பதவிக்கு ஹென்றி கிளே வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி, கம்பி வந்து முடிந்திருந்த இடைநிலையம் வரை இரயிலில் வந்தது. அங்கிருந்த வேல் உடனே அதனைக் கம்பிவழி அனுப்பினார். அவ்விரயில் வாஷிங்டனை அடையுமுன்னரே செய்தி நகரெங்கும் பரவிவிட்டது. நகைத்தவர் வாய் மூடினர்.

மே 24 ஆம் நாள் வழி முழுமையும் நிறைவேறிற்று. வாஷிங்டனில் உச்சநீதிமன்ற அறையிலிருந்து மோர்ஸ் விசையைத் தட்டினார். ஆனி எல்ஸ்வொர்த் என்னும் இளம்பெண் தேர்ந்தளித்த விவிலிய அடி ஒன்று புள்ளிகளாகவும் கோடுகளாகவும் பால்டிமோரிலிருந்த வேலை அடைந்தது. இறைவனின் செயலை வியக்கும் அவ்வடியை வேல் அவ்வாறே திருப்பி அனுப்பினார். அன்று மோர்ஸுக்கு அகவை 53.

பின்னர்த் தந்திக் கம்பிகள் காட்டுக்கொடி போல் படர்ந்தன. 1861 ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் கீழ்க்கரையும் மேல்கரையும் தந்தியால் இணைந்தன.

சுருக்கமும் தெளிவும்

கருவியைப் பயன்படுத்தியோர் அதனை ஆக்கியவரும் எண்ணாத ஒன்றைக் கண்டனர். காகித நாடாவில் குறிகள் பதியும்பொழுது கருவி எழுப்பும் ஒலியைக் கேட்டே செய்தியை உணர்ந்துகொள்ளலாம் என்பதே அது. நாடாவைப் பார்க்காது எழுதுவது பிழைக்கு இடமாகும் என்று அஞ்சி மேலதிகாரிகள் சிலர் முதலில் அதனைத் தடுத்தனர். செவி கண்ணினும் விரைவாகக் கற்றது. நாடாவும் சக்கரமும் எழுதுகோலும் நீங்கின. டக்கென்று ஒலிக்கும் சிறு காந்தம் ஒன்றே எஞ்சிற்று. தேர்ந்த ஊழியர் நிமிடத்திற்கு 25 முதல் 30 சொற்கள் வரை அனுப்பினர். கருவியின் சிக்கல் மனிதரின் பயிற்சியாக மாறிற்று. அப்பயிற்சியைப் பெறப் பல திங்கள் உழைக்க வேண்டும் என்பதே அதற்கு ஈடான விலை.

நூலுக்குரிய அழகுகளுள் சுருக்கமும் தெளிவும் தலையாயவை என்பர் நம் இலக்கண நூலார். மிகச் சுருங்கினால் தெளிவு கெடும்; மிக விளக்கினால் சுருக்கம் கெடும். மோர்ஸின் குறிகளுக்கும் இவ்விடர் நேர்ந்தது. அவர் முறையில் 'ஈ' ஒரு புள்ளி. 'ஐ' இரு புள்ளி. 'ஓ' என்பதோ சிறிது இடைவெளி விட்ட இரு புள்ளி. தட்டுவோரின் கை சற்றே தடுமாறினாலும் ஓரெழுத்து மற்றோர் எழுத்தாகக் கேட்கும். 1848 ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிரெடெரிக் கெர்க்கே என்பவர் எழுத்துக்களின் உள்ளே வரும் இடைவெளிகளை நீக்கிப் பல குறிகளை மாற்றினார். புதிய முறையில் ஒரு செய்தியைத் தட்டச் சற்றே கூடுதலான நேரமாகும். ஆனால், பிழை குறைந்தது. பிழைபட்ட செய்தியை மீண்டும் அனுப்புவதினும், முதன்முறையே சற்று நிதானமாக அனுப்புவது மேல் அன்றோ? 1865 ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் 20 நாடுகள் கூடிப் பன்னாட்டுத் தந்தி ஒன்றியத்தை அமைத்தன. திருத்திய முறையே பன்னாட்டுத் தந்திக்கு உரியதாயிற்று. அமெரிக்க நிலவழித் தந்தியில் மட்டும் பழைய முறையே நெடுங்காலம் நின்றது.

எளிமையே எக்காலத்தும் வெல்லும் என்றும் எண்ணிவிடலாகாது. செய்திகள் பெருகி ஒரு கம்பி போதாத நிலை வந்தபொழுது, 1874 ஆம் ஆண்டு எடிசன் ஒரே கம்பியில் நான்கு செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்பும் அரிய முறையை அமைத்தார். அக்கருவி மிகச் சிக்கலானது. ஆயினும் அச்சிக்கல் முழுவதும் இரு முனைகளிலும் இருந்த அறைகளுக்குள் அடங்கிற்று. ஊர்களின் வழியே சென்ற கம்பி ஒன்றே. மூன்று கம்பிகளின் செலவை மிச்சமாக்கும் சிக்கல், தன் விலைக்குத் தக்க பயனைத் தந்தது.

புகழும் குறையும்

மோர்ஸ் முதுமையில் செல்வமும் சிறப்பும் பெற்றார். 1854 ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அவர் காப்புரிமையின் பெரும்பகுதியை நிலைநாட்டிற்று. மின்காந்தத்தால் தொலைவில் எழுத்துக்களைப் பதிக்கும் எம்முறையும் தமக்கே உரியது என்று அவர் விரித்துக் கேட்டதை மட்டும் மறுத்தது. 1858 ஆம் ஆண்டு ஐரோப்பிய அரசுகள் பல சேர்ந்து 400,000 பிராங்கு பரிசளித்தன. 1871 ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்துப் பூங்காவில் அவருக்குச் சிலை எழுந்தது. 1872 ஆம் ஆண்டு ஏப்ரல் 2 ஆம் நாள், தம் 80 ஆம் அகவையில், மோர்ஸ் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் குறையற்றவர் அல்லர். அயல்நாட்டினரின் குடியேற்றத்தையும் கத்தோலிக்க சமயத்தாரையும் வெறுத்து எழுதினார்; அடிமை முறையைப் போற்றினார். உலக மக்களை ஒரு கம்பியால் இணைத்தவர், மக்களுள் வேற்றுமை கண்டது வருந்தத் தக்கது. ஜோசப் ஹென்றியின் ஆராய்ச்சி இன்றேல் மோர்ஸின் கருவி அறையைவிட்டு வெளியேறியிராது. எனினும் காப்புரிமை வழக்குகளால் மனம் கசந்து, 1855 ஆம் ஆண்டு அவ்வறிஞருக்குத் தாம் கடன்பட்டிருத்தலை மறுத்து எழுதினார். உழைப்புக்கு ஏற்ற புகழ் பெறாமலே ஆல்பிரட் வேல் 1859 ஆம் ஆண்டு மறைந்தார். ஒரு கண்டுபிடிப்புக்கு ஒருவர் பெயரே நிலைத்தாலும், அதனைத் தாங்கி நின்ற கைகள் பல என்பதை மறத்தல் கூடாது.

இன்று தந்தி வழக்கொழிந்துவிட்டது. கப்பல்களின் இடர்காலச் செய்திகளுக்குப் பயன்பட்டு வந்த மோர்ஸ் முறை 1999 ஆம் ஆண்டு அப்பணியினின்று ஓய்வு பெற்றது. நம் நாட்டில் 2013 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களுடன் தந்திப் பணி முடிவுற்றது. ஆயினும் மோர்ஸ் காட்டிய நெறி முடிவுறவில்லை. அடிக்கடி வருவதற்குச் சிறிய குறியும் அருகி வருவதற்குப் பெரிய குறியும் அளிக்கும் முறையை 1952 ஆம் ஆண்டு ஹஃப்மன் என்பவர் கணித நெறியால் செம்மை செய்தார். கணினிகள் எழுத்தையும் படத்தையும் சுருக்கி அனுப்புவதற்கு அம்முறை பயன்படுகின்றது. கண்ணாடி இழையில் ஒளியின் மாற்றங்களாகச் செய்தி ஓடும் இந்நாளிலும், நெடுவழியில் எதை வைப்பது, முனைகளில் எதை வைப்பது என்பதே வலையமைப்போரின் முதல் வினா.

சிக்கலை அடியோடு ஒழித்தல் எவராலும் இயலாது. அதனை எங்கே வைத்தால் குறைந்த கேடும் மிகுந்த பயனும் விளையும் என்று அறிதல் இயலும். அவ்வறிவு மோர்ஸுக்குப் பிறவியில் வந்ததன்று. பெருமுயற்சியால் தொகுத்த அகராதியைக் கைவிட்டபொழுதும், மண்ணுள் புதைத்த குழாயை விட்டுக் கம்பம் நட்டபொழுதும் வந்தது. தாம் செய்ததாயினும் பயனற்றது என்று கண்டால் அதனை விட்டொழிக்கும் துணிவு ஒருவர்க்கு வேண்டும். அத்துணிவுடையோர் எத்தொழிலை மேற்கொண்டாலும் அது செம்மையுறும்.